கணக்கில் வராத சிரட்டை

ஆயிரத்து ஐந்நூறு மில்லி. மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த எண்ணை மறக்காதீர்கள். பல்ராமின் உடம்புக்குள் ஒரு நாளில் போகலாம் என்று டாக்டர் விட்ட அளவு அவ்வளவுதான். ஒன்றரை லிட்டர். டீ, பருப்புத் தண்ணீர், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள்.

பிஜித் தீவில் லோவு என்கிற ஊரில் பத்து ஏக்கர் குத்தகைக் கரும்பு பல்ராமுக்கு. அறுபத்திரண்டு வயது. தொண்ணூற்றெட்டில் வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்தது. ஆள் பிழைத்தார், இதயம் பழையபடி ஆகவில்லை. தள்ள வேண்டிய ரத்தத்தை அது முழுதாகத் தள்ளவில்லை. தண்ணீர் உடம்பிலேயே தங்கியது. முதலில் பாதம் வீங்கும், அப்புறம் கெண்டைக்கால், அப்புறம் மூச்சு திணறும். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூக்கம். அதற்குத்தான் தண்ணி மாத்திரை. தங்கின தண்ணீரைச் சிறுநீராக வெளியே தள்ளும். காலையில் ஒன்று, அதோடு சரி.

"ஒரு நாள் மறந்துட்டீங்கன்னா மறுநாள் ரெண்டா போட்டுக் கொடுக்காதீங்கம்மா," என்று டாக்டர் சொன்னார். பல்ராமின் மனைவி ப்ரேமிலா தலையாட்டினாள். அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.

ஒன்றரை லிட்டர் சோடா பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்திருந்தாள். காலையில் அதை நிரப்புவாள். அவருக்கு ஒரு கோப்பை டீ கொடுத்தால் பாட்டிலில் இருந்து ஒரு கோப்பை தண்ணீரை எடுத்துத் துளசிக்கு ஊற்றுவாள். ஒரு கரண்டி பருப்புத் தண்ணீர் என்றால் ஒரு கரண்டி. மாலையில் பாட்டில் காலியானால் அவர் வாயும் மூடியாக வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். ப்ரேமிலா சிரிக்கவில்லை.

எடை பார்க்க வீட்டில் மெஷின் கிடையாது. நரேந்திரா கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு, வெளிக்குப் போய்விட்டு, டீ குடிக்குமுன், அதே காக்கி அரைக்கால்சட்டையோடு பல்ராம் அதன்மேல் ஏறி நிற்பார். நரேந்திரா தராசுக் கம்பியில் கட்டையை நகர்த்தி எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவான்.

"மாமா, இன்னிக்கு மில்லுல உங்களுக்கு என்ன ரேட்டு போட்டாங்க?"

"உன்னையும் சேர்த்துக் கட்டினாத்தான் ஒரு டன்னு வரும்னாங்க. எழுதுடா."

அறுபத்தாறு. அதுதான் அவருடைய வழக்கமான எடை. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலும் உடனே வரவேண்டும் என்பது டாக்டர் வைத்த சட்டம். இரண்டு வருஷம் அந்தச் சுவரில் அறுபத்தாறுக்குப் பக்கத்திலேயே எண்கள் நின்றன.

பிறகு இரண்டாயிரம் மே மாதம் வந்தது. பத்தொன்பதாம் தேதி தலைநகர் சுவாவில் பூர்வகுடிக் கும்பல் ஒன்று துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்தியர் பிரதமராக இருந்த அரசாங்கத்தையே பிடித்து வைத்தது. சுவாவில் கடைகள் எரிந்த செய்தி ரேடியோவில் வந்த மறுநாள் லௌதோக்கா டவுன் மருந்துக்கடையில் வாசல்வரை கூட்டம். ப்ரேமிலாவும் வரிசையில் நின்று மூன்று மாதத்துக்கான தண்ணி மாத்திரையை வாங்கி வந்தாள். அரிசி டின்னுக்குள் பொட்டலத்தைப் புதைத்தாள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தாள். கையில் மூன்று மாத மாத்திரை இருந்ததுதான் பின்னால் வினையாகப் போனது.

ஜூனில் டாக்டர் பிரிஸ்பேன் போய்விட்டார். கிளினிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நோயாளிகள் அவரவர் சீட்டைப் பக்கத்து ஹெல்த் சென்டரில் காட்டவும் என்று இருந்தது. ப்ரேமிலாவுக்கு அங்கே போகப் பயம். அங்கே இருக்கிற நர்ஸ் பூர்வகுடிப் பிஜிக்காரி. சாதாரண நாளாக இருந்தால் அது ஒரு விஷயமே இல்லை. அந்த ஜூனில் யார் யாரை எப்படிப் பார்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

லோவுவும் காலியாகத் தொடங்கியது. ஆக்லாந்து, வான்கூவர், சிட்னி. விசாத் தாள் கிடைத்தவன் போனான், கிடைக்காதவன் குத்தகை எப்போது முடியும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஒரே மாதத்தில் ஒன்பது வீடு. கிளம்புகிற வீட்டில் மாலை மூன்று மணிக்கே கொட்டகையில் பாய் விரித்துவிடுவார்கள். நடுவில் தானோவா என்ற மரத்தொட்டி. யங்கோனா வேரை இடித்த பொடியைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து, சேற்று நிறத்தில் வருகிற சாற்றைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு ஒவ்வொருவராகக் கொடுப்பார்கள். கிராக் என்று பெயர். நாக்கு மரத்துப்போகும், மனசு இளகும். வாங்குவதற்குமுன் ஒரு கைத்தட்டு, குடித்தபின் மூன்று. சின்னச் சிரட்டை வேண்டுமென்றால் கடல் வற்றத்தைச் சொல்வதுபோல லோ டைட் என்று சொல்ல வேண்டும், நிறைய வேண்டுமென்றால் கடல் ஏற்றம், ஹை டைட். போகிறவன் தன் கையால் நீட்டுகிற சிரட்டையை வேண்டாம் என்றால் அவன் முகத்தில் அடித்த மாதிரி.

பல்ராம் எல்லா வீட்டுக்கும் போனார். கூட வெட்டின ஆட்கள். ப்ரேமிலா தடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ரேடியோவைக் கேட்டுக் கேட்டு நெஞ்சை அடைத்துக்கொள்வதற்குப் பதில், நாலு பேரோடு பேசிவிட்டு வரட்டும் என்று விட்டாள். போகும்போது பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்ப்பாள்.

சுவரில் எண் நகர்ந்தது. அறுபத்தேழு. அறுபத்தேழரை. ஒரு நாள் அறுபத்தெட்டு.

ப்ரேமிலா முதலில் ஊறுகாயை நிறுத்தினாள். மீன் டின்னை நிறுத்தினாள். பருப்பில் உப்பைப் பாதியாக்கினாள். பல்ராம் தட்டைத் தள்ளினார்.

"இது பருப்பா, மாட்டுக்கு வெச்ச தண்ணியா?"

"மாட்டுக்குக் கால் வீங்கல. சாப்பிடுங்க."

அறுபத்தெட்டரை. விரலால் கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கலவரத்தில் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ. சத்தில்லாத மாத்திரையோ. மருமகள் வந்தனாவிடம் கேட்டாள். மகன் நிலேஷின் மனைவி, மார்டின்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை. அவளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தேதி சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

நிலேஷுக்கும் வந்தனாவுக்கும் நியூசிலாந்து விசா ஆகஸ்டில் வரும் போலிருந்தது. அப்பா இப்படி இருக்கிறார் என்று தெரிந்தால் பையன் போகமாட்டான். போகாவிட்டால் இங்கே என்ன இருக்கிறது அவனுக்கு? ஆகஸ்டுக்குள் அந்தக் கால் வற்ற வேண்டும். ப்ரேமிலாவின் தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது.

ஒரு சாயங்காலம் அரிசி டின்னைத் திறந்து இன்னொரு மாத்திரையை எடுத்தாள். டாக்டர் சொன்னது மறந்தவர்களுக்குத்தானே, நாம்தான் மறக்கவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவரிடம் சத்து மாத்திரை என்றாள். அவர் கேள்வி கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷமாக அவள் கையால் கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொள்கிற மனுஷன்.

இரண்டு நாளில் ஒரு கிலோ இறங்கியது. ப்ரேமிலாவுக்கு மூச்சு வந்தது. நாலாம் நாள் மறுபடி ஏறியது. இரட்டை மாத்திரை தண்ணீரை இழுத்து வெளியே தள்ளினால் நாக்கு உலரும். நாக்கு உலர்ந்தால் பாட்டில் மதியத்துக்கே காலி. பாட்டில் காலியானால், பாய் விரித்த வீட்டில் சிரட்டைக்குக் கணக்கு கேட்பவர் யார்? கிராக்குக்கு மேல் வாய்க்கு உப்புப் பட்டாணி வேறு. அவர் அதை ஒளிக்கவில்லை. அது தண்ணீர் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அப்புறம் கெண்டைக்கால் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. பல்ராம் உட்கார்ந்த இடத்தில் காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். வந்தனா ஹோட்டல் சிநேகிதியிடமிருந்து வலி மாத்திரை வாங்கி வந்தாள். அதையும் ப்ரேமிலா கொடுத்தாள். மறுநாள் அவர் எடை அறுபத்தொன்பது.

அந்த வாரம் புதன்கிழமை காலை, கட்டிலிலிருந்து எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனவர் நின்ற வாக்கில் சரிந்தார். குழாய்க் கட்டை நெற்றியில் பட்டது. ப்ரேமிலா ஓடி வந்தபோது கண் திறந்திருந்தது.

"ஒண்ணுமில்ல. பூமி சுத்திச்சு."

"பூமி சுத்தல. நீங்கதான் சுத்துனீங்க. எழுந்திருக்காதீங்க, அப்படியே இருங்க."

நரேந்திரா வேனைக் கொண்டு வந்தான். வழியில் மூங்கில் வைத்து மறித்திருந்தார்கள். ராணுவக்காரன் உள்ளே குனிந்து பார்த்தான், பல்ராமின் நெற்றிக் கட்டைப் பார்த்தான், போகச் சொன்னான். ப்ரேமிலா மடியில் பாட்டிலையும் மாத்திரைப் பொட்டலத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். போகிற இடம் அவள் பயந்த அதே ஹெல்த் சென்டர்.

சிஸ்டர் லிட்டியா உயரமான பெண். ஐம்பது வயது இருக்கும். இங்கே இந்தியர் எல்லோரும் பேசுகிற இந்துஸ்தானியைச் சரளமாகப் பேசினாள். பல்ராமை உட்கார வைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தாள். நிற்க வைத்து மறுமுறை பார்த்தாள். நின்றதும் பிரஷர் எண்பத்து நாலுக்கு விழுந்தது. அவரைப் படுக்க வைத்தாள். காலை அழுத்தினாள். குழி.

"கால்ல தண்ணி நிக்குது. ரத்தத்துல தண்ணி இல்ல. இது எப்படிம்மா?"

ப்ரேமிலா பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். "இதுக்கு மேல ஒரு சொட்டு கொடுக்கல சிஸ்டர். தெய்வத்து மேல ஆணை."

லிட்டியா பாட்டிலைப் பார்த்தாள். அவள் மூஞ்சியில் கேலி இல்லை. "நல்ல வேலை. என் வார்டுல இப்படி அளக்கிறவங்க யாருமில்ல. ஐயா, கிராக் எவ்வளவு?"

பல்ராம் மனைவியைப் பார்த்தார்.

"அது தண்ணி இல்லையே சிஸ்டர்," என்றாள் ப்ரேமிலா. "கிராக்."

"எதுல பிசையுறாங்க?"

லிட்டியா உள்ளே போனாள். ஊழியர் அறையிலிருந்து ஒரு சிரட்டையைக் கொண்டு வந்தாள். அதில் தண்ணீர் நிரப்பி, அளவு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ப்ரேமிலாவின் முன்னால் வைத்தாள். நூற்றைம்பது மில்லி.

"நானும் குடிக்கிறவதான். எங்க வீட்டுலயும் இதையே சொல்றாங்க, அது தண்ணி இல்லன்னு. ஐயா, ஒரு தடவை உட்கார்ந்தா எத்தனை?"

"யாரு எண்ணுவா?" என்றார் பல்ராம்.

"வாரத்துல எத்தனை நாள்?"

"போன வாரம் நாலு வீடு," என்றாள் ப்ரேமிலா. மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் பன்னிரண்டு சிரட்டை என்றாலும் ஆயிரத்து எண்ணூறு. துளசிக்கு ஊற்றின அந்த ஒவ்வொரு கரண்டியும் கண்முன் வந்தது.

"சரி. மாத்திரை?" லிட்டியா பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். அட்டைகளை எண்ணினாள். சீட்டில் இருந்த தேதியைப் பார்த்து மறுபடி எண்ணினாள். தலை நிமிர்ந்தாள்.

சொல்லாமல் தப்பிக்க வழி இல்லை. பல்ராம் படுக்கையில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் ஒண்ணு சேர்த்துக் கொடுத்தேன். பதினாலு நாளா. சத்து மாத்திரைன்னு சொல்லிக் கொடுத்தேன்." கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "பையன் போகணும் சிஸ்டர். அதுக்குள்ள கால் வத்தணும்னு."

லிட்டியா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "மூணு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த மாத்திரை தண்ணியோட உப்பையும் இழுக்கும், பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு, அதையும் இழுத்துட்டுப் போகும். அது குறைஞ்சாத்தான் கால் இழுக்கும். ரொம்பக் குறைஞ்சா நெஞ்சு துடிக்கிறது தாறுமாறாகும். சில பேருக்கு நின்னே போயிடும். ரெண்டாவது, கால் வலிக்கு ஏதாவது கொடுத்தீங்களா?"

ப்ரேமிலா வலி மாத்திரையின் பெயரைச் சொன்னாள்.

"அது தண்ணியை உடம்புலயே பிடிச்சு வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இந்த மாத்திரையோட அது ஆகாது. மூணாவது, அளவைக் கூட்டுறதோ குறைக்கிறதோ நீங்களும் செய்யக்கூடாது, நானும் செய்யக்கூடாது. ரத்தம் பார்த்துட்டு டாக்டர் செய்வார். எடை ஏறிச்சுன்னா என்கிட்ட வரணும். ஏன் வரல?"

ப்ரேமிலா தரையைப் பார்த்தாள். லிட்டியாவுக்குப் புரிந்துவிட்டது.

"என் அண்ணன் மகன் சுவாவுல அந்தக் கும்பலோட இருக்கான்," என்றாள். "நான் இங்க இருக்கேன். ஐயா, கையை நீட்டுங்க, ரத்தம் எடுக்கணும்."

அங்கிருந்து லௌதோக்கா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இரண்டு இரவு வைத்துக்கொண்டார்கள். பொட்டாசியம் இரண்டு புள்ளி ஏழு. குறைந்தது மூன்றரை இருக்க வேண்டும். நெஞ்சில் ஒயரை ஒட்டி எந்நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ப்ரேமிலா பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் திரையில் ஓடுகிற கோட்டையே பார்த்தாள். கோடு கொஞ்சம் கோணினால் எழுந்து நிற்பாள். இரண்டாம் நாள் பல்ராம் வாயைத் திறந்தார்.

"சத்து மாத்திரைன்னு சொன்னே."

"ஆமா."

"இனிமே விஷம்னாலும் விஷம்னு சொல்லிக் கொடு. குடிச்சுக்கறேன். பொய் சொல்லிக் கொடுக்காத."

அவள் அழுதாள். அவர் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் காலையில் ஒரு தண்ணி மாத்திரை, கூட ஒரு பொட்டாசியம் மாத்திரை. கட்டிலிலிருந்து எழுந்தால் ஓரத்தில் உட்கார்ந்து நூறு எண்ணிவிட்டு நிற்பது. வாந்தி பேதி வந்தால் மாத்திரை விழுங்குமுன் சிஸ்டரைக் கேட்பது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம். கிராக் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நரேந்திராவின் சுவரில் எண் இறங்கி இறங்கி அறுபத்தாறுக்கு வந்து உட்கார்ந்தது.

ஆகஸ்டு கடைசியில் நிலேஷுக்கும் வந்தனாவுக்கும் விசா வந்தது. சனிக்கிழமை மதியம் விமானம். வெள்ளிக்கிழமை மாலை இவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே பாய் விரித்தார்கள். அன்று காலை தராசில் அறுபத்தாறு. ப்ரேமிலா கணவரை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலையில அறுபத்தேழுக்கு மேல போச்சுன்னா நான் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன். உங்களையும் விடமாட்டேன். நேரா சிஸ்டர்கிட்டதான். பையன் தனியாத்தான் போவான்."

"நீ வரமாட்டியா?"

"வரமாட்டேன்."

"பையன் கொடுக்கிறதை எப்படி வேணாம்பேன்?"

"அது உங்க பாடு."

பெண்கள் கொட்டகைக்குள் உட்காருவதில்லை. ப்ரேமிலா அடுப்படியில் பூரி சுட்டுக்கொண்டே கேட்டாள். முப்பது பேர் தட்டினாலும் பல்ராமின் தட்டு அவளுக்குத் தெரியும். கரும்புக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்ந்த கை. மூங்கிலை மூங்கிலோடு அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும்.

முதல் தட்டு நாலு மணிக்கு. நிலேஷ் கொடுத்தது. "லோ டைட்," என்று பல்ராம் சொல்வது கேட்டது.

"என்ன மாமா, பையன் நாடு விட்டுப் போறான், நீங்க லோ டைட்டுன்னு கிடக்கிறீங்க," என்று யாரோ இழுத்தான். "கடல்ல தண்ணியே இல்லையா?"

"கடல் என் கால்ல இருக்குடா. ஊத்து."

சிரிப்பு. மூன்று தட்டு. ப்ரேமிலா ஒன்று என்று எண்ணிக்கொண்டாள். அரை மணி கழித்து இரண்டாவது. உடனே மூன்றாவது. எண்ணெயில் பூரி கருகியது. அதை எடுத்து ஓரத்தில் போட்டாள். நாலு. அஞ்சு. வந்தனா எட்டிப் பார்த்து, "அம்மா, தபியத் டீக் ஹை?" என்று உடம்பைக் கேட்டாள். ப்ரேமிலா தலையை ஆட்டினாள். அஞ்சோடு எண்ணுவதை விட்டுவிட்டாள். விட்டாலும் காது எண்ணியது. ஏழு.

ஆட்கள் கலைந்தபின் அவரிடம் போய் நின்றாள்.

"ஏழு."

"ஒண்ணு," என்றார் பல்ராம். "பையன் கொடுத்தது மட்டும்தான். மத்ததுக்குத் தட்டிட்டு வாங்கி நரேந்திரா கையில கொடுத்தேன். எனக்காக அவன் குடிச்சான்."

"நரேந்திரா அப்படிச் சொல்வானா?"

"அவனால இப்ப சொல்ல முடியாது. பாய்லயே சாஞ்சுட்டான்."

ப்ரேமிலா நம்பவில்லை. நம்ப ஆசைப்பட்டாள், முடியவில்லை. அவள் இவரிடம் ஒரு முறை பொய் சொல்லியிருந்தாள். இவருக்கும் ஒன்று பாக்கி இருக்குமோ என்று இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. நிலேஷின் பெட்டிகள் வேனில் ஏறியிருந்தன. ப்ரேமிலா ஏர்போர்ட்டுக்கென்று எடுத்து வைத்த சேலையை உடுத்தாமல் வீட்டுச் சேலையோடு கடைக்கு வந்தாள். கையில் சிஸ்டரின் சீட்டு. நரேந்திரா கண் சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தான். பல்ராம் செருப்பைக் கழற்றினார். அதே காக்கி அரைக்கால்சட்டை. ஏறி நின்று நேரே பார்த்தார்.

ப்ரேமிலா நரேந்திராவை ஒதுக்கிவிட்டுக் கட்டையைத் தானே நகர்த்தினாள். அறுபத்தெட்டில் வைத்தாள். கம்பி தொங்கியது. அறுபத்தேழில் வைத்தாள். அப்போதும் தொங்கியது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். கம்பி எழுந்தது, மேலும் கீழும் ஆடியது, நின்றது.

அறுபத்தாறு கிலோ.